இரண்டு எண்களுக்கு ஒரு முகம்

தொலைக்காட்சித் திரையின் வலது மூலையில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அதற்குள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கைகளை அசைத்துக்கொண்டிருப்பவள்தான் இவள். காது கேட்பவர்களில் பாதிப் பேர் அவளைக் கண்டுகொள்வதே இல்லை. மீதிப் பேர் ‘இந்தப் பொண்ணு எதுக்கு இப்படித் தவிக்குது’ என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். காது கேட்காதவர்களுக்கோ அந்த வட்டம்தான் நிகழ்ச்சி. சுற்றிலும் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள் எல்லாம் அவர்களுக்கு வாயசைக்கும் அலங்காரம்.

அன்றைக்கு வந்திருந்த அலங்காரங்கள் இரண்டு பேராசிரியர்கள். பருவநிலை மாறி வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுகிறதே, அந்த வெயிலுக்கு அடுத்த பத்து வருஷத்தில் நாட்டில் எத்தனை பேர் சாவார்கள் என்பதுதான் விவாதம். ஒல்லியாக, உயரமாக இருந்த மனிதர் ஒன்றரை லட்சம் என்றார். குட்டையாக, கணீரென்ற குரலோடு இருந்த அம்மாள் ஒன்பதாயிரம் என்றார். அதற்கு மேல் ஓர் ஆள் கூடக் கிடையாது என்று மேசையைத் தட்டினார். நிலையத்தில் இருந்தவர்கள் அவருக்கு லட்சம் என்றும் இவருக்கு ஆயிரம் என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த நாளே ஊரும் இரண்டுபட்டது. பேருந்தில், சலூனில், பள்ளிக்கூட வாசலில், எங்கே நாலு பேர் நின்றாலும் நீ லட்சமா ஆயிரமா என்றுதான் பேச்சு. செத்துப்போகப் போகிறவர்களைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாகச் சண்டை போட மனிதர்களால்தான் முடியும்.

சைகை மொழியில் கை மட்டும் பேசினால் போதாது, முகமும் பேச வேண்டும். லட்சம் பேசும்போது அவள் புருவம் நெரிந்தது, கண்ணில் கலவரம் வந்தது. ஆயிரம் பேசும்போது அதே முகத்தில் உதட்டோரம் ஏளனமாகச் சுழித்தது. மொத்தத்தில் ஒருத்தியே தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தன் கருத்து என்று ஒன்றை மட்டும் உள்ளே விடவே கூடாது. அது தொழில் தர்மம். பதினோரு வருஷமாக அதில் அவள் பேர் வாங்கியவள்.

அதற்கடுத்த நாள் காலை தேநீர் டம்ளரை நீட்டிய கையோடு அப்பா மேசையைத் தட்டினார். அவளைக் கூப்பிடும் விதம் அது. பிறகு ஆள்காட்டி விரலால் தன் முகவாயைத் தொட்டார். அவள் முகவாயில் ஒரு மச்சம் உண்டு. அப்பாவின் மொழியில் அதுதான் அவள் பெயர். அப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அம்மா இறந்த பிறகு வீட்டில் இரண்டே பேர். இரண்டு பேரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள், சத்தமே இல்லாமல் சண்டையும் போடுவார்கள்.

“நேத்து காது கேக்காதவங்க சங்கத்துல பெரிய ரகளை. தையல்காரன் லட்சம்ங்கறான். நாலு பேர் ஆயிரம்ங்கறாங்க. கை சுளுக்கற வரைக்கும் சண்டை. நீ எந்தப் பக்கம்?”

“நான் எந்தப் பக்கமும் இல்லப்பா. அவங்க சொல்றதைச் சொல்றேன், அவ்வளவுதான்.”

“அதெல்லாம் வெளியாளுங்களுக்குச் சொல்லு. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னவ நீதான். எது நிஜம்?”

“தெரியாதுப்பா.”

“எனக்குத் தெரிஞ்சாகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள.”

வெள்ளிக்கிழமைக்கும் நாட்டின் சாவுக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. அப்பா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். அறைகள் காலியாகி விரிப்புகள் கீழே வந்து சேர மதியம் ஆகிவிடும். சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பைக் கொடுத்து மறுபக்கம் காய்ந்த விரிப்பாக வாங்குவது அவர் வேலை. போன வாரம் உருளை முன்னால் இரண்டு தடவை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். மேற்பார்வையாளர் நல்ல மனுஷன். காலை நேரத்தில் துணி மடிக்கும் அறைக்கு மாறிக்கொள்ளச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்.

அவள் கண்கள் விரிந்தன. “ரெண்டு தடவையா? என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா இப்படிக் கண்ணை உருட்டுவ. அதான். ஒன்றரை லட்சம் நிஜம்னா மாறிக்கறேன். வெறும் ஒன்பதாயிரம்தான்னா, இவ்வளவு பெரிய நாட்டுல அந்த ஒன்பதாயிரத்துல எனக்கு எங்க இடம் கெடைக்கப் போகுது?”

“எண்ணை விடுங்க. மாறிட்டா என்ன குறைஞ்சுபோயிடும்?”

அப்பா தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கினார். “உருளை போடற சத்தத்துல யாருக்கும் எதுவும் கேக்காது. அங்க எல்லாரும் கையாலதான் பேசுவாங்க. நான்தான் கத்துக்குடுத்தேன். மடிக்கற அறையில அமைதியா இருக்கும். எல்லாரும் வாயால பேசிச் சிரிச்சுட்டிருப்பாங்க. அங்க போனா நான் மட்டும்தான் காது கேக்காதவன்.”

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். டம்ளரைக் கழுவிக்கொண்டே எது நிஜம் என்று தன்னைக் கேட்டுப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. இவ்வளவு பேச்சும் அவள் கை வழியாகப் போயிருக்கிறது, ஒரு சொட்டுக்கூடத் தங்கவில்லை. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் என்னவோ போல் ஆகிவிட்டது. அதற்கும் பிறகு ஓர் ஆர்வம் பிடித்துக்கொண்டது: இன்னும் சாகாதவர்களை எப்படித்தான் எண்ணுகிறார்கள்? ஒரே நாடு, ஒரே வெயில், எப்படி இரண்டு எண் வரும்? இரண்டு நாள் இதே நினைப்புதான். பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலும் இவர் எந்தக் கணக்கில் வருவார் என்று மனசு துருவிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் விவாதத்தின் இரண்டாம் பகுதி. நேரலை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. ஒப்பனை அறையில் லட்சம் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பவுடர்காரர் அவருடைய வழுக்கையைத் தீவிரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். அவள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் நின்றாள்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? அந்த ஒன்றரை லட்சத்தை நீங்க நிஜமாவே நம்பறீங்களா?”

லட்சம் ஒரு கண்ணைத் திறந்தார். “நம்பறதுக்கு என்னம்மா இருக்கு, கணக்குதானே. இன்னிக்கு இருக்கற ஜனங்களை அப்படியே வெச்சுக்கறேன். அதே வீடு, அதே வேலை, அதே நேரம். அவங்க தலை மேல நாளைக்கு வரப்போற வெயிலை வெக்கறேன். எத்தனை பேர் விழறாங்கன்னு பாக்கறேன்.”

“அங்கதான் இவர் கோட்டை விடறார்!” வாசலில் இருந்தே கணீரென்று வந்தது குரல். ஆயிரம் கைப்பையைத் தூக்கி மேசையில் போட்டார். “மனுஷங்க என்ன ஜன்னல் கம்பியா, இருந்த எடத்துலயே சூடேறிட்டு நிக்க? நகருவாங்கம்மா. நிழல் தேடுவாங்க. மதிய வேலையைக் காலைக்கு மாத்திப்பாங்க. அதையெல்லாம் சேர்த்துப் பாருங்க, ஒன்பதாயிரத்துக்கு மேல ஏறாது.”

“கண்டிப்பா மாத்திப்பாங்களா மேடம்?”

“மாத்திக்காம? உசிருன்னு வந்துட்டா யாரா இருந்தாலும் மாத்திப்பாங்க.”

“எங்கப்பா மாட்டேங்கறாரே.”

பவுடர்காரரின் கை அப்படியே நின்றது. அப்பாவைப் பற்றி அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இருவரும் மாறி மாறிக் கேட்டார்கள். வயசு என்ன? தண்ணி குடிக்கிறாரா? தலை சுத்தினப்ப வேர்த்துதா, இல்லை வேர்வையே நின்னுபோச்சா? கேட்டு முடித்ததும் ஒரே நேரத்தில் இரண்டு குரலும் வந்தன. “உடனே மாறச் சொல்லுங்க!” ஊரைக் கூட்டிச் சண்டை போட்ட இருவரும் முதல் தடவையாக ஒத்துப்போனது அங்கேதான். அதைப் படம்பிடிக்க ஒரு கேமராவும் இல்லை.

ஆயிரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தக் குரல் இவ்வளவு தணியும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

“என் கணக்குல உங்கப்பா ஏற்கெனவே மாறிட்டார்மா. அவரை மாதிரி இருக்கற எல்லாரும் மாறிட்டாங்கன்னு வெச்சுதான் அந்த எண்ணே வந்தது.”

“என் கணக்குல மாறல. உருளை முன்னாலயேதான் நிக்கறார்” என்றார் லட்சம்.

“அப்ப நீங்க ரெண்டு பேரும் வெயிலைப் பத்திச் சண்டை போடலையா?”

“வெயில் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். சண்டையே உங்கப்பாவைப் பத்தித்தாம்மா” என்று துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார் லட்சம்.

நேரலை தொடங்கியதும் இருவரும் பழையபடி மல்லுக்கு நின்றார்கள். ஒன்றரை லட்சம் என்று லட்சம் சொன்னபோது அவள் கை பாதியில் நின்றுவிட்டது. போன தடவை பேருந்து நேரத்தைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போன எண் அது. இப்போது அதற்குள், உருளை முன்னால், ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். படம் உறைந்துவிட்டதோ என்று பலர் நினைத்திருப்பார்கள். அவள் மூச்சை இழுத்துவிட்டு அந்த எண்ணைச் சொல்லி முடித்தாள்.

அவள் வீடு திரும்பியபோது அப்பா தூங்கிவிட்டார், அல்லது தூங்குவதுபோல் படுத்திருந்தார். காலையிலும் பிடி கொடுக்காமல் சங்கத்துக்குப் போய், அங்கிருந்தே வேலைக்குப் போய்விட்டார். மதியம் அவள் நேராகச் சலவைக்கூடத்துக்கே போனாள்.

கதவைத் திறந்ததும் சூடும் சத்தமும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. கூடத்தின் மறுகோடியில், ஆவிக்கு நடுவே அப்பா. மேற்பார்வையாளர் அவள் காதருகே வந்து என்னவோ கத்தினார், ஒரு வார்த்தை விளங்கவில்லை. அவள் வாசலிலேயே நின்று கையை உயர்த்தினாள். அப்பா உடனே பார்த்துவிட்டார். அவ்வளவு பெரிய இரைச்சலில், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவே, அப்பாவும் மகளும் நிம்மதியாகப் பேசினார்கள்.

“நேத்து உன் கை நின்னுச்சே, ஏன்?”

“அந்த எண்ணுக்குள்ள உங்களைப் பார்த்துட்டேன்.”

அப்பா ஒரு விரிப்பை உருளைக்குள் கொடுத்தார். “சரி, யார் சொன்னது நிஜம்?”

“இன்னும் முடிவாகல. நீங்க இங்கயே நின்னா லட்சம் பக்கம் ஒண்ணு ஏறும். மாறிட்டா அந்த அம்மா சொன்னதுதான் சரி. முடிவு உங்க கையிலதான் இருக்கு.”

அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “அந்தம்மா ஜெயிக்கறதா? அவங்க மூஞ்சியே எனக்குப் பிடிக்கல. என்ன ஏளனம்!”

“அது என் மூஞ்சிப்பா. நீங்க திரையில என்னைத் தவிர யாரைப் பார்த்தீங்க?”

அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். உருளையின் மறுபக்கம் நின்ற ஆளும் கைப்பேச்சு தெரிந்தவன், அவனும் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “எனக்குப் பயமா இருக்குப்பா” என்று சொன்ன கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாருடைய பேச்சையும் சுமக்காமல், அந்தக் கைகள் அவளுக்காகவே பேசிக்கொண்டிருந்தன. “நீங்க எனக்கு வேணும். தொழிலும் வேணாம், தர்மமும் வேணாம். நான் உங்க பக்கம்.”

அப்பா அடுத்த விரிப்பை எடுத்தார், உருளைக்குள் கொடுக்காமல் திரும்ப வைத்துவிட்டார். மறுபக்கத்து ஆள் விரிப்புக்காகக் காத்து நின்றான். பிறகு அப்பா ஏப்ரன் முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்து, வாசலுக்கு வந்து மேற்பார்வையாளர் கையில் கொடுத்தார்.

“மடிக்கற அறையில எத்தனை பேர் இருக்காங்கன்னு கேளு.”

அவள் கத்திக் கேட்டாள். மேற்பார்வையாளர் ஆறு விரலைக் காட்டினார்.

“ஆறு பேருக்கும் கைப்பேச்சு கத்துக்குடுக்கணும். பாவம் அவங்க” என்றார் அப்பா. அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு வாசலைத் தாண்டியவர், என்னவோ ஞாபகம் வந்ததுபோல் திரும்பினார். முகவாயைத் தொட்டு அவளைக் கூப்பிட்டார்.

“அந்த லட்சக்காரர்கிட்ட சொல்லிடு. ஒண்ணு குறைச்சுக்கச் சொல்லு.”