கமலாத்தாளின் புது நகம்

கமலாத்தாளின் கட்டை விரல் நகம் கழன்றது நான்காவது கீமோ முடிந்த வாரம். பால் கறந்துகொண்டிருந்தாள். அவள் போட்ட சத்தத்தில் மாடு உதைத்துவிட்டது. அன்றிலிருந்து கறவை என் தலையில் விழுந்தது. நாற்பது வருடமாக எலப்புள்ளியில் விவசாயம் பார்க்கிறவன் என்ற மரியாதையெல்லாம் அந்த மாட்டுக்குக் கிடையாது. என் கை பட்டாலே பாலை அடக்கிக்கொள்ளும்.

"கட்டுன பொண்டாட்டியே உங்க பேச்சக் கேக்கறதில்லீங்க, மாடு கேக்குமாக்கும்?" என்று கமலாத்தாள் சிரிப்பாள்.

மற்ற நகங்களும் கறுத்து, ஓரம் தூக்கி, சேலை நூலில் மாட்டின. ஒவ்வொரு கீமோவுக்கும் ஒரு கோடு விழுந்திருந்தது. சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள். மார்பை எடுத்தபோது அழாதவள், அந்த ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆறாவது கீமோவுக்குப் பிறகு ஸ்கேன் பார்த்த மலையாள டாக்டர், "இனி மருந்து வேண்டா கேட்டோ. வீட்டில் போயி சமாதானமாயிட்டு இரிக்கு" என்றார். அவர் அவ்வளவு கனிவாகச் சொன்னதே எனக்குச் சரியாகப் படவில்லை. கமலாத்தாளுக்கோ 'வேண்டா' என்ற ஒரு சொல் போதும். நோய் போய்விட்டது, அதனால் மருந்து வேண்டாம். அவள் வெளியே போனதும் டாக்டர் என்னை மட்டும் நிறுத்திச் சொன்னார். ஈரல் வரை பரவிவிட்டது, மருந்து கேட்கவில்லை, மூன்று மாதம்.

வெளியே வந்தால், பக்கத்து நாற்காலிக்காரியிடம், "எனக்குச் சொகமாயிருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் என்ன செய்ய? வாயை மூடிக்கொண்டேன். கோழை என்றால் கோழைதான்.

மருந்து நின்றதும் நகம் வளரத் தொடங்கியது. பாழாய்ப்போன நகம்! கட்டை விரலின் அடியில் ஒரு அரிசி அகலத்துக்கு, இளஞ்சிவப்பாக. தினமும் காலையில் வெளிச்சத்தில் நீட்டிக் காட்டுவாள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிட்டதால் வளர்கிற நகம் அது. நானும் பார்த்துவிட்டு, "ஆமா, வளந்திருக்குது" என்பேன்.

நேற்று பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் பூமாரி வந்தாள்; டாக்டர் கைவிட்டவர்களுக்கு வீடு தேடி வந்து வலிக்கு மருந்து கொடுக்கிறவள். அவள் வருகிற பஞ்சாயத்து வண்டி எந்த மாதிரி வீட்டு வாசலில் நிற்கும் என்று ஊருக்கே தெரியும். அதனால் வண்டியை முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்லியிருந்தேன். சத்து ஊசி போட வருகிறாள் என்று கமலாத்தாளிடம் புளுகியிருந்தேன்.

கமலாத்தாள் அவளிடமும் விரலை நீட்டினாள். "ஏங்கண்ணு, இது முழுசா வளர எத்தன மாசமாகும்?"

பூமாரி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "கட்ட வெரலுங்களா? ஒரு ஆறு மாசமாகுமுங்கக்கா." சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தாள். உடனே குனிந்து பையைத் திறந்தாள்.

"ஆறே மாசந்தானா!" கமலாத்தாள் என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "அதுக்கப்பறம் நானே கறந்துக்கறனுங்க. ஏனுங்க, ஒரு ஆறு மாசம் பொறுக்க மாட்டீங்களா?"

"பொறுத்துக்கறேன் புள்ள" என்றேன்.