மதினி காலில் வைத்த பொட்டு

நானும் மதினியும் ஓர் உயிரணுவின் மதிலில் வேலை பார்க்கிறோம். அதுதான் எங்கள் ஊர். முகம் வெளியே, கால்கள் உள்ளே. வெளியில் வரும் சேதி மதிலைத் தாண்டாது. அதைக் கேட்டவள், பக்கத்தில் நிற்பவளின் பாதத்தில் தன் கால் கட்டைவிரலால் ஒரு பாஸ்பேட் பொட்டு வைக்க வேண்டும். அந்த விரலுக்குக் கைனேஸ் என்று பெயர். உள்ளே இருப்பவர்கள் இருவர் காலிலும் பொட்டைப் பார்த்த பிறகுதான் சேதியை நம்புவார்கள். தனக்குத் தானே வைத்துக்கொள்ள எட்டாது.

மதினிக்கும் எனக்கும் பேச்சு இல்லை. போன தடவை என் கால் அவர்மேல் பட்டதும் நான் தொட்டுக் கும்பிடவில்லை. என் கைகள் மதிலுக்கு வெளியே இருந்தன.

அன்று காலை எங்கள் ஊர் இருக்கும் உடம்பின் முழங்கால் எங்கோ உரசி, பக்கத்து உயிரணுக்கள் கிழிந்து போயின. நேற்றுவரை எதிர்மதிலில் நின்று பாடிய பெண்கள் இருந்த இடத்தில் காற்று மட்டும் இருந்தது. அந்தப் பள்ளம் நிரம்பாவிட்டால் அடுத்துக் கிழிவது எங்கள் மதில்.

தூதர் ஒருவர் வந்து எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்தார்.

“ஊரை ரெண்டாக்கணும். உள்ள சொல்லிருங்க.”

பாஸ்பேட் கிண்ணத்தில் கால்விரலை நனைத்தேன். மதினி காலை இழுத்துக்கொண்டார்.

“மூத்தவ மேல மறுபடியும் காலை வைப்பியோ?”

“அப்ப நீங்க முதல்ல வைங்க மதினி. பெரியவங்க காலு பட்டா எனக்கு ஆசீர்வாதம்தான்.”

“வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல ஒனக்கு.”

அவர் விரல் என் பாதத்தில் பட்டது. பொட்டு வாங்கிய காலுக்குத்தான் முழுப் பலம் வரும். எனக்கு வந்தது. பொட்டைத் துடைக்கும் சுடலையாண்டி ஈரத்துணியோடு ஓடிவரும் சத்தமும் கேட்டது.

“சீக்கிரம் வை. நல்லா அழுத்தி வை,” என்றார் மதினி.

வைத்தேன். சுடலையாண்டி வந்து சேருமுன் சேதி ஒருவர் காலிலிருந்து அடுத்தவர் காலுக்கு ஓடி, ஊரின் நடுவீடான உட்கருவை எட்டிவிட்டது. அங்கே கொட்டு முழங்கியது. சுடலையாண்டி துணியைத் தலைக்கு மேல் சுழற்றி ஆடினான். அதன் ஈரம் எங்கள் கணுக்காலில் தெறித்தது.

சேதி சொல்லி முடித்தவர்களை மதில் விழுங்குவது வழக்கம். அது எங்களைச் சுற்றி மெல்ல வளைந்து, உருண்டையாகி, பல்லக்குபோல் உள்ளே நகர்ந்தது. வெளியே குலவை எழுந்தது. ஊர் இரண்டானது. பள்ளம் நிரம்பியது.

“இப்ப நாம எந்த ஊர்ல இருக்கோம்?” என்று கேட்டார் மதினி.

“ரெண்டும் நம்ம ஊருதான், மதினி.”

“சரி,” என்று சொல்லி, எங்களைப் போலவே மதில் விழுங்கி உள்ளே வந்துகொண்டிருந்த இன்னொரு மதினிக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்.