அவள் பேரில் ஆறு மாதம்

என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க என் கணவர் எனக்குச் செய்த சத்தியங்கள். தேதி போட்டு வரிசையாக எழுதியிருக்கிறேன். மொத்தம் ஆறு. எல்லாமே என் தலையில் கை வைத்து, "இனிமே குடிச்சா நான் மனுசனே இல்ல" என்று சொன்னவை. அதிக நாள் தாங்கியது நான்காவது. பத்தொன்பது நாள்.

ஏழாவதை அவர் எனக்குச் செய்யவில்லை. தை மாதக் கடைசி வெள்ளியன்று, திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காளி கோவிலுக்குப் போனார். ஆறு மாதம் தொடமாட்டேன் என்று சொல்லி, பூசாரி கையால் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். அதன்பின் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை.

சந்தோஷமாக இருக்கிறது என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். நாலு வருடமாக அழுதேன், பட்டினி கிடந்தேன், அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தேன். அத்தனையும் செய்யாததை ஒரு சாண் கயிறு செய்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆனால் விடியலிலேயே குளித்து, இரண்டு தடவை தலை சீவி, எலுமிச்சை மாலையோடு கிளம்புவார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிச் சீவியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டு அமராவதி அக்கா இதையெல்லாம் கவனித்திருக்கிறாள்.

"ஏன்டி ரஞ்சனி, ஒன் வீட்டுக்காரரு சக்களத்தி வீட்டுக்குப் பொறப்பட்டாச்சா?"

"போங்கக்கா."

"சூலத்தோட நிக்கிறவகிட்டப் போட்டி போடாத. தோத்துருவ."

நானும் சிரித்தேன். அன்று மாலை நான் போகிற தட்டச்சு வகுப்பில் ஒரே பக்கத்தில் பதினொரு பிழை.

ஆடிக் கடைசி வெள்ளியோடு கெடு முடிகிறது. அதற்கு இரண்டு நாள் முன்னால், சாப்பாடு போடும்போது கேட்டுவிட்டேன்.

"ஏங்க, வெள்ளிக்கெழம கயித்த அவுத்துட்டு மறுபடி கட்டாதீங்க."

"ஏன் புள்ள?"

"அவளுக்காக ஆறு மாசம் இருந்தீங்கள்ல. இனிமே எனக்காக இருங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "சரி" என்றார்.

வெள்ளியன்று வெறுங்கையோடு வந்தார். கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. மறுநாள் நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, மேலே என் பேரை எழுதி, குடிக்காத நாளுக்கு ஒரு கோடு போட்டேன். ஞாயிறன்று இரண்டாவது கோடு. இவ்வளவு எளிதா என்று நினைத்தேன். எனக்கு எதுவும் எளிதாக அமைந்ததில்லை என்பதையும் நினைத்திருக்க வேண்டும்.

திங்கள்கிழமை வகுப்பு முடிந்ததும் என்னை ஏற்றிக்கொள்ள அவருடைய சரக்கு வண்டியோடு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். வழக்கமாக ஒயின்ஷாப் இருக்கிற ரோட்டில் நேராகப் போவோம். அன்று சந்துக்குள் திருப்பினார்.

"ஏன் இங்கிட்டுத் திரும்புறீங்க?"

ஊரைத் தாண்டிய பிறகுதான் பேசினார்.

"கயிறு கெடந்தப்ப அந்தக் கடைக்கு எதுத்தாப்புலயே நின்னு டீ குடிப்பேன். கையப் பாத்துட்டு ஒருத்தனும் ஊத்த மாட்டான். அம்மன் குத்தம் அவனுக்கும் வந்துருமாம். இப்ப ஒன் பேரச் சொன்னேன். 'பொண்டாட்டிக்குப் பயந்த நாகராசு'ன்னு சிரிக்கிறானுக. நேத்து ஒருத்தன் டம்ளரக் கையிலயே வச்சுட்டான்."

"குடிச்சீங்களா?"

"கீழ வச்சுட்டேன்."

கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "ஒன் தலையில ஆறு தடவ அடிச்சுச் சத்தியம் பண்ணேன். ஆறு தடவையும் நீ அழுதுட்டுச் சோறு போட்ட. அவ போட மாட்டா, ரஞ்சனி."

என்னைப் பாராட்டினாரா, குறை சொன்னாரா? இன்னும் தெரியவில்லை. அந்த டம்ளரை அவர் கையில் வைத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மூன்றாவது கோட்டைப் போட்டேன். கோடு நேராக வரவில்லை.

செவ்வாய் காலை நானே தலை சீவிக் கிளம்பினேன்.

"எங்கிட்டுப் போற?"

"வண்டிய எடுங்க. கோயிலுக்கு."

பூசாரி புதுக் கயிற்றை மஞ்சளில் நனைத்தார். "எத்தன மாசத்துக்கு?"

"ஒரு வருசம்" என்றேன்.

"கட்டிக்கிறவரு சொல்லணும்மா."

இவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார். "ஒரு வருசம், ஆத்தா."

பூசாரி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, "கயிறு நழுவுது, வெரல வைம்மா" என்றார். வைத்தேன். இரண்டாவது முடிச்சு என் விரலையும் சேர்த்து இறுக்கியது. உருவி எடுத்தேன். நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

காளிக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. "பாத்துக்க" என்று மட்டும் சொன்னேன், ஊருக்குப் போகிறவள் பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவி கொடுப்பது போல.

மாலையில் நோட்டைத் திறந்தேன். அடுத்த பக்கத்தில் அவள் பேரை எழுதி, முதல் கோட்டைப் போட்டேன். என் பேரில் இருக்கிற மூன்று கோடுகளை அடிக்கவில்லை. அந்த மூன்று நாளும் அவர் எனக்காக இருந்தார். அவளுக்கு அதைத் தர மாட்டேன்.