தேதி எங்கே ஓடப் போகிறது

மனித இனம் செய்த தவறுகளிலேயே பெரியது கல்யாணப் பத்திரிகை என்று தத்துவம் அறிவித்தபோது, அவன் ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில், நிறுத்திவைத்த ஒரு லிஃப்டின் கூரைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரும்புக் கயிற்றை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கேட்க ஒரே ஆள்தான். லிஃப்டுக்குள் நின்று பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த, கூட வேலை செய்யும் பங்காளி. கதவு திறக்காது என்பதால் அவரால் வெளியே போக முடியாது. பெரிய விஷயங்களைப் பேச தத்துவம் இப்படிப்பட்ட நேரங்களைத்தான் தேர்ந்தெடுப்பான். அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான்.

"போர், பஞ்சம் எல்லாம் அதுக்கு அடுத்ததுதான் பங்காளி," என்றது கூரை. "ஒரு நாள் நடக்குற விஷயத்துக்கு ஒரு கார்டு. அந்தக் கார்டு வரப்போகுதுன்னு சொல்ல, ரெண்டு மாசம் முன்னாடியே இன்னொரு கார்டு. சேவ் த டேட்டாம். தேதி எங்க ஓடப் போகுது? காலண்டர்ல ஆணி அடிச்சுல்ல மாட்டியிருக்கு?"

"எட்டாம் நம்பர் எரியலை," என்றார் பங்காளி.

"ஒரு துண்டுக் காகிதம் இல்லாம கல்யாணம் பண்ணப்போற முதல் மனுஷன் நான்தான். எழுதி வச்சுக்க."

"எதுல? காகிதத்துலயா?"

தத்துவத்துக்கு எதிர்க்கேள்வி ஆகாது. துணியில் இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றிக்கொண்டான்.

அவனுக்கு இந்த ஞானம் பிறந்தது போன வாரம், பத்திரிகைக் கடையில். பெண், பல் டாக்டர். அவளுடைய கிளினிக் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் குலுங்குகிறது என்று போனவன், ஒரே பழுதை ஆறு தடவை சரிபண்ணி, ஏழாவது தடவை கல்யாணம் பேசிவிட்டு வந்தான். இன்றும் அவன் போனில் அவள் பெயர் "பல் கிளினிக் 3வது மாடி குலுங்குது" என்றுதான் இருந்தது. தொழில்முறை அப்படி. ஆளை மறந்தாலும் பழுதை மறக்க மாட்டான். அதனால் எல்லாரையும் கட்டடம், மாடி, கோளாறு என்றே பதிந்துவைத்திருந்தான்.

கடைக்காரர் அட்டைகளைச் சீட்டுக்கட்டுபோல மேசைமேல் விரித்தார். ஒன்று பெட்டிக்குள் இருந்தது, அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குள் இருந்தது. ஒன்று தரையில் பதிக்கிற கல் கனம். ஒன்றைத் திறந்ததும் பாடியது; மூடினாலும் விடவில்லை. கடைக்காரர் அதன்மேல் ஒரு தடித்த ஆல்பத்தை வைத்து அமுக்கிக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார்.

"இது சந்தன நிறம். இது பால் நிறம்," என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான் தத்துவம்.

"ஒண்ணா?" டாக்டர் அவனை, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "கிளினிக்ல பல்லுக்கே பதினாறு வெள்ளை வச்சிருக்கோம்."

"பதினாறுல எது கடிக்கும்?"

அன்று ஒன்றும் எடுக்காமல் திரும்பினார்கள். "உங்க இஷ்டம்," என்றாள் டாக்டர். அந்த இரண்டு சொல்லுக்குள் என்னென்ன இருக்கும் என்று கல்யாணமானவர்களைக் கேட்டால் தெரியும். தத்துவத்துக்கு இன்னும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் உறுதியானது. ஜூன் பதினெட்டு. அப்பா உடனே கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தார். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இப்போதும் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் சொருகிக்கொள்வார்.

"கார்டும் டிக்கெட் மாதிரிதான்டா," என்றார். "கையில கொடுத்தாத்தான் ஏறுவாங்க. கொடுக்கும்போது ஒரு தடவை 'அவசியம் வந்துடணும்'னு சொல்லணும். வாசல் வரைக்கும் போய், திரும்பி நின்னு இன்னொரு தடவை சொல்லணும். முதல் தடவை மரியாதைக்கு. ரெண்டாவதுதான் நிஜம்."

தத்துவம் எழுந்து வாசல்வரை போனான். திரும்பி நின்று, ஃபிரிட்ஜைப் பார்த்துக் கைகூப்பி, "அவசியம் வந்துடணும்," என்றான். பிறகு சோபாவில் சாய்ந்து, "நோட்டை மூடுங்கப்பா. யாரும் யாருக்கும் சொல்ல வேணாம். எல்லாத்தையும் போன் சொல்லிடும்," என்றபடி கட்டைவிரலை ஒரு தடவை அசைத்தான்.

"ஜூன் 18 எனக்குக் கல்யாணம். வரவும். பதில் தேவையில்லை." போனில் பதிவாகியிருந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போய்விட்டது.

பதில் தேவையில்லை என்றதாலேயே எல்லாரும் பதில் போட்டார்கள். "12வது மாடி கதவு இடிக்குது" குடும்பத்தோடு வருவதாகச் சொன்னது. "நகைக்கடை பாதியில நின்னுடுச்சு", கல்யாணம் சந்தோஷம், எங்கள் லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்டது. "பல் கிளினிக் 3வது மாடி குலுங்குது", "வர முயற்சி பண்றேன்," என்று அனுப்பியது.

தத்துவம் ஒரு மாமன்னனின் நிதானத்தோடு நாலு நாள் நடமாடினான்.

வியாழக்கிழமை, வேலைச் சீருடையை வாங்க அக்காவின் சலவைக்கடைக்குப் போனான். அவனைவிடப் பதினோரு வயது மூத்தவள். கடையில் ஒரு பலகை தொங்கும்: "சீட்டு இல்லாமல் துணி தரப்படமாட்டாது. உறவினர்களுக்கும்." கடைசிச் சொல் வேறு மையில் இருக்கும். அது இவனுக்காகவே பின்னால் சேர்க்கப்பட்டது.

"சீட்டு இருக்கா சார்?" என்றாள் அக்கா.

"என்னக்கா, சார்ங்குற?"

"கஸ்டமரை அப்படித்தான் கூப்பிடுறது." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "செவ்வாய்க்கிழமை ஒருத்தர் கோட்டு கொண்டாந்தாரு. ஜூன் பதினாறுக்குள்ள வேணும்னாரு. அவ்வளவு நாள் இருக்கே, என்ன விசேஷம்னு கேட்டேன். 'என்னம்மா, உங்க தம்பி கல்யாணம் பதினெட்டாம் தேதி, தெரியாதா?'ன்னாரு."

தத்துவம் வாயைத் திறந்தான்.

"தெரியுமேன்னு சொன்னேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அந்தக் கோட்டுல இருந்த கறையை எடுக்குறதைவிட அது சிரமமா இருந்துச்சு. அப்பாவைக் கேட்டா, 'அறுநூத்திப் பன்னெண்டு பேருக்குப் போன் சொல்லிடுச்சே, உனக்கு வரலையா?'ங்குறாரு."

"இல்லக்கா, எல்லாருக்கும் போச்சே... உனக்கும்..." போனை எடுத்து மேலும் கீழும் தள்ளினான். அறுநூற்றுப் பன்னிரண்டு பழுதுகள் ஓடின. அக்கா இல்லை.

அவனுக்கு விளங்க அரை நிமிஷம் ஆனது. அக்காவின் எண்ணை அவன் பதிந்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு லிஃப்டுக்குள் அவனே மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டான். கையில் போன் கிடையாது, லிஃப்டின் சுவரில் ஒன்று இருந்தது. தலைக்குள் ஒரே ஓர் எண்தான் இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் அக்கா போனை வைக்கவில்லை. "கதவை உதைக்காதடா, அது உன் கம்பெனிக் கதவு," என்று நடுநடுவே சொல்லிக்கொண்டே முப்பது சட்டை தேய்த்தாள். அன்றிலிருந்து கட்டைவிரல் தானாக அந்த எண்ணை அடிக்கும். பதிய வேண்டிய அவசியமே வரவில்லை.

"உன் நம்பர் மனப்பாடம்க்கா. அதான் போன்ல இல்லை," என்றான். இவ்வளவு உண்மையான விஷயம் இவ்வளவு மட்டமான சாக்குபோல ஒலிக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

"சரி."

"இப்பவே அனுப்பிடுறேன்."

"அறுநூத்திப் பதிமூணாவதாவா?" அக்கா அடுத்த சட்டையை விரித்தாள். "இந்தக் கடைச் சட்டம் உனக்குத் தெரியும். சீட்டு இல்லாம துணி கிடையாது. கார்டு இல்லாம நான் கிடையாது. அன்னைக்கும் கடை திறந்திருக்கும்."

"அக்கா, விளையாடாத."

"அதுக்கு முன்னாடியே தேதி சொல்லி ஒண்ணு கொடுப்பாங்களாமே, அதுவும் வேணும். வரிசைப்படி வரட்டும். அடுத்தவர் வாங்க சார்."

அடுத்தவர் நிஜமாகவே பின்னால் நின்றிருந்தார். தத்துவம் சீருடை இல்லாமல் வெளியே வந்தான்.

மூன்று நாள் அவன் எந்தக் கூரையிலிருந்தும் எதையும் அறிவிக்கவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று பங்காளி கேட்டார். கல்யாணத்தை அவன் எத்தனையோ விதமாகக் கற்பனை செய்து பார்த்தான். எந்த விதத்திலும் அவன் நிற்கிற இடத்துக்கு வலப்பக்கம் அக்கா நின்று, "நேரா நில்லுடா," என்றுகொண்டிருந்தாள். அவளை எடுத்துவிட்டுப் பார்த்தால் மண்டபமே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

நாலாம் நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், யாருக்கும் சொல்லாமல் பத்திரிகைக் கடைக்குப் போனான்.

"ஒரே ஒரு கார்டு வேணும்."

"ஒண்ணு அடிக்க முடியாது தம்பி. குறைஞ்சது நூறு."

"முன்கூட்டியே கொடுக்குறது. அது தனியா, பத்திரிகை தனியா."

"அப்ப அது நூறு, இது நூறு," என்றார் கடைக்காரர். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. தொழில் தெரிந்தவர்.

பத்து நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தத்துவம் இரண்டு அட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான், விளக்கடியில் பிடித்தான், எட்டி நின்று பார்த்தான். படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினான். "பால் நிறம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. சந்தனம் ஓகேவா?" என்று கேட்டான். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று பதில் வந்தது. கூடவே, "கொடுக்கப் போறப்போ நானும் வர்றேன்," என்று இன்னொன்று.

சனிக்கிழமை இருவரும் சலவைக்கடைக்குப் போனார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தத்துவம் இரண்டு கையாலும் அட்டையை நீட்டினான். உறைமேல் அக்கா, மாமா, பிள்ளைகள் என்று எல்லாரும் அவன் கையெழுத்திலேயே இருந்தார்கள். எண்ணெய்க்கறை ஒன்று ஓரத்தில் இருந்தது. அக்கா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"பெட்ரோல் வச்சா போயிடும்," என்றாள். பிறகு படித்தாள். "பத்திரிகை பின்னால வரும்னு போட்டிருக்கே?"

"வரும்க்கா," என்றான் தத்துவம். "இது... வரும்னு சொல்ற கார்டு."

டாக்டர் கடையின் கூரையை உன்னிப்பாகப் பார்த்தாள்.

"எழுத்து பொடிசா இருக்கு," என்றாள் அக்கா. "நிறம் பரவாயில்லை." சீட்டுகளைக் குத்தும் கம்பியை எடுத்தவள், ஒரு நொடி நிறுத்தி, அட்டையைக் குத்தாமல் கல்லாவுக்குப் பின்னால் காலண்டர் ஆணியில், தேதித்தாளுக்கு மேலே நிறுத்திவைத்தாள். பிறகு உள்ளே போய் அவன் சீருடைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"சீட்டு தொலைஞ்சுபோச்சுக்கா."

"தெரியும். எடுத்துட்டுப் போடா."

"அவசியம் வந்துடணும்," என்றான் தத்துவம்.

"பார்க்கலாம்."

பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் நடந்தான். முன்னாலேயே வெளியே போய்விட்ட டாக்டர், பையில் மிச்சமிருந்த தொண்ணூற்றொன்பதையும் அப்பாவின் நோட்டையும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வாசலில் தத்துவம் நின்றான். தெருவின் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பங்காளியோ வேறு தெரிந்தவர்களோ யாரும் இல்லை.

திரும்பினான்.

"அக்கா," என்றான். "அவசியம் வந்துடணும்."