காலி வண்டியின் பிரேக்

வெள்ளை வேனின் பானெட்டில் உள்ளங்கையை வைத்ததுமே மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. சூடாக இருந்தது.

மணி காலை எட்டரைதான். பழைய வண்டிகள் விற்கும் அந்த யார்டில் மற்ற வண்டிகளின் மேல் பனி ஈரம்கூடக் காயவில்லை. இது மட்டும் ஏன் சூடாக இருக்கிறது? குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போதுதான் அதன் நோய் வெளியே தெரியும். அது தெரியக்கூடாது என்று நினைப்பவர்தான், ஆள் வருவதற்கு முன்பே அதை ஓடவிட்டு வைப்பார்.

"என்ன தலைவரே, வண்டிக்குக் காய்ச்சலான்னு பாக்கறீங்களா?" என்று சிரித்தார் தரகர். அவர் சிரிக்காமல் இருந்து யாரும் பார்த்ததில்லை.

மெக்கானிக் பானெட்டிலிருந்து கையை எடுத்தார். அவர் அதிகம் பேசமாட்டார். தெருமுனையில் வரும்போதே சத்தத்தை வைத்து வண்டியின் கோளாறைச் சொல்லிவிடுவார் என்பதால் அவருக்குக் 'காது' என்றே பட்டப்பெயர். அவர் பார்க்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் பழைய வண்டி வாங்குவதில்லை. வண்டி சரியில்லை என்றால் கையைத் துடைத்துக்கொண்டு பேசாமல் நகர்ந்துவிடுவார். பிடித்துப்போனால் பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்த இரண்டு தட்டுக்குப் பிறகு எவரும் மறுகேள்வி கேட்பதில்லை.

அன்று வண்டி பார்க்க வந்திருந்தவர் முட்டைக்காரர். கூடவே அவர் மனைவி. பத்து வருடமாக மூன்று சக்கர மிதிவண்டியில் கடை கடையாக முட்டை கொண்டுபோய்ப் போட்டு அவருடைய வலது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. இனி மிதித்தால் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருவரும் சேர்த்த சேமிப்பு முழுவதும் ஒரு சின்னச் சரக்கு வேனுக்குத்தான் ஆகும். தப்பான வண்டி வாய்த்துவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை.

யார்டில் அவர்களுக்கு ஏற்ற வண்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று பளபளக்கும் இந்த வெள்ளை. மற்றொன்று பெயின்ட் உரிந்த நீலம். அதன் கதவு நசுங்கியிருந்தது.

"நீலத்தைப் பாருங்கண்ணே, யாரோ கன்னத்துல ஓங்கி அறைஞ்ச மாதிரி இருக்கு. எனக்கு வெள்ளைதான் புடிச்சிருக்கு. ஆனா நீங்க தட்டினாத்தான்" என்றாள் முட்டைக்காரரின் மனைவி.

"முட்டையை பல்பு வெளிச்சத்துல புடிச்சா உள்ள என்ன இருக்குன்னு நான் சொல்லிடுவேன்" என்றார் முட்டைக்காரர். "வண்டியை எந்த வெளிச்சத்துல புடிக்கறது? அதுக்குத்தாண்ணே நீங்க. தினமும் அந்தப் பாலத்து இறக்கத்துல போகணும். இறங்கினதும் பள்ளிக்கூடம். ஓடறது இருக்கட்டும், நிக்கற வண்டியா பாத்துச் சொல்லுங்க."

மெக்கானிக் வெள்ளை வேனுக்குள் ஏறி சீட்டைத் தூக்கிப் பார்த்தார். திருகாணிக் குழிகளுக்குள் மாவு போன்ற வண்டல் படிந்திருந்தது. கீழே படுத்துப் பார்த்தார். பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் மேல் புதுக் கறுப்பு பெயின்ட். நகத்தால் சுரண்டியதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. பிரேக்கை மிதித்து அழுத்திப் பிடித்தார். பெடல் நிற்காமல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது.

அவருக்குப் புரிந்துவிட்டது. இது வெள்ளத்தில் மூழ்கி எடுத்த வண்டி.

அவர் எழுந்ததும் தரகர் கை துடைக்கத் துணி நீட்டினார். துணியோடு சேர்த்துக் குரலையும் தாழ்த்தினார். "தலைவரே, அடுத்த வாரத்துலேருந்து நம்ம யார்டு வண்டி அத்தனைக்கும் உங்க பட்டறைதான். வருஷம் பூரா வேலை. எனக்கு இந்த வெள்ளை ஒண்ணு மட்டும் நகரணும்."

மெக்கானிக்கின் பட்டறை இரண்டு மாதமாக வெறிச்சோடிக் கிடந்தது. முக்கில் பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்று திறந்ததிலிருந்து வழக்கமான வண்டிகள்கூட அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. காலையில் ஷட்டரைத் தூக்குவதும் மாலையில் இறக்குவதும்தான் இப்போது அவருக்கு வேலை.

அவர் வெள்ளை வேனை எடுத்து யார்டை ஒரு சுற்றுச் சுற்றினார். பிரேக் போட்டதும் வண்டி நின்றது. காலி வண்டி, நிற்கத்தானே செய்யும்? 'அடுத்த வாரம் நானே கூப்பிட்டு அந்தக் குழாயை மாத்திக் கொடுத்துட்டா ஆச்சு' என்று மனசு ஒரு சமாதானத்தைத் தயாராக எடுத்து நீட்டியது. குழாய் ஒன்று மட்டுமா துருப்பிடித்திருக்கும் என்று அதே மனசு கேட்கவில்லை.

இறங்கினார். பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"அப்பாடா!" என்று முட்டைக்காரரின் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இன்னிக்கு மூணு மணிக்கே முதல் லோடுண்ணே. நாங்க ரெண்டு பேருமே போறோம்."

"மெதுவா ஓட்டுங்க" என்றார் மெக்கானிக். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

மதியம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். மனைவி பரிமாறிக்கொண்டே பேசினாள்.

"இந்தக் கூத்தைக் கேளுங்க. முட்டைக்காரர் குடோன்ல அஞ்சு முட்டை வாங்கிட்டு வந்தேனா, வந்து அரை மணி நேரம் ஆகல, வாசல்ல அவரே வந்து நிக்கறார். அந்தத் தோளை வெச்சுக்கிட்டு மூணு சக்கர வண்டியை மிதிச்சே வந்திருக்கார். எதுக்குத் தெரியுமா? ஒரு முட்டைக்கு."

"ஒரு முட்டைக்கா?"

"ஆமா. பல்புல பாக்கறப்ப அதுல ஏதோ நிழல் தெரிஞ்சதாம். ஒதுக்கி வெச்சதை வீட்டம்மா தெரியாம எடுத்து எனக்குக் கொடுத்துட்டாளாம். வேற முட்டையைக் கொடுத்துட்டு அதை வாங்கிட்டுப் போனார். 'ஒரு முட்டைதானேண்ணே'ன்னேன். 'உங்களுக்கு ஒண்ணுதாம்மா. மத்த நாலோட சேத்து உடைச்சு ஊத்தினீங்கன்னா அந்த நாலும் வீணாயிடுமே'ங்கறார்." அவள் சிரித்தாள். "உங்களைப் பத்தித்தான் ஒரே பேச்சு. நிக்கற வண்டியா பாத்துக் கொடுத்தாராம் அண்ணன், இனிமே என் பொண்டாட்டியைப் பயமில்லாம பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டுவேன்னு சொல்லிட்டுப் போறார்."

மெக்கானிக்கின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

கடவுள் மனிதனைச் சோதிக்க இடியையும் மின்னலையும்தான் அனுப்புவார் என்றில்லை. சில சமயம் காகிதத்தில் சுற்றிய ஒரு முட்டையை அனுப்பிவைக்கிறார்.

கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நாற்பது. போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பைக்கை உதைத்தார்.

"சாப்பாடு?" என்று மனைவி கேட்டது அவர் காதில் விழவில்லை. ஊரே மெச்சிய அந்தக் காதில் பள்ளிக்கூட மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குப் பிள்ளைகள் வெளியே வருவார்கள். இறக்கத்தின் கீழேதான் வாசல்.

குடோனுக்குள் பைக் நுழைந்தபோது வெள்ளை வேன் அட்டை அட்டையாக முட்டை ஏற்றிக்கொண்டு வெளி கேட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் முட்டைக்காரரின் மனைவி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். சாவியும் காகிதங்களும் கொடுக்க வந்த தரகர் கையசைத்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் பைக்கைக் கொண்டுபோய் வேனுக்குக் குறுக்கே போட்டார். முட்டைக்காரர் பதறி பிரேக்கை அழுத்தினார். நடக்கும் வேகத்தில் வந்த வண்டிதான். ஆனாலும் பைக்கின் சக்கரத்தை ஒரு முழம் தள்ளிக்கொண்டு போய்த்தான் நின்றது.

"இறங்குங்க! ரெண்டு பேரும் இறங்குங்க!"

"என்னண்ணே ஆச்சு?"

"இது தண்ணியில மூழ்கின வண்டி. பிரேக் குழாய் துரு. பாலத்து இறக்கத்துல நிக்காது."

தரகர் சிரித்துக்கொண்டே வந்தார். "காலையில நீங்கதானே ஓட்டிப் பாத்தீங்க? நின்னுச்சே!"

"காலி வண்டியில எல்லா பிரேக்கும் நல்ல பிரேக்குதான்."

முட்டைக்காரர் அவர் முகத்தையே பார்த்தார். "ஆனா நீங்க தட்டினீங்களேண்ணே?"

"தட்டினேன்." என்றார் மெக்கானிக். "பொய்யாத் தட்டினேன். என் பட்டறைக்கு வேலை தர்றேன்னார். தெரிஞ்சேதான் தட்டினேன்."

மூட்டை தூக்குபவர்கள் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு நின்றார்கள்.

"சும்மா பயமுறுத்தறார்" என்றார் தரகர். "கூடுதலாக் காசு தரலன்னு என்மேல கோவம் போலிருக்கு. நல்ல வண்டிங்க இது."

"முட்டையை இறக்கிட்டு மணல் மூட்டையை ஏத்துங்க. ஓட்டிக் காட்டறேன்" என்றார் மெக்கானிக்.

"மணி மூணாகப் போகுது. அவங்க மூட்டை ஏத்தி இறக்கற வரைக்கும் கடைக்காரங்க காத்திருப்பாங்களா?" என்று தரகர் அவசரப்படுத்தினார்.

முட்டைக்காரரின் மனைவி கீழே இறங்கினாள். "அப்படியே ஓட்டுங்கண்ணே. உடைஞ்சா முட்டைதான்."

மெக்கானிக் ஏறி உட்கார்ந்தார். குடோனின் முற்றம் நீளமானது, சமதரை. கடைசியில் சுவர் கட்டக் கொட்டிய மணல் குவியல். வண்டியை விரட்டினார். பாதி தூரத்தில், குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்ததாக நினைத்துக்கொண்டு பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தார்.

கீழே 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தார், அது வெறுமனே கையோடு வந்தது. முற்றத்தில் யாரோ அலறினார்கள். வேன் நேரே போய் மணலில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

பின்னால் அட்டைகள் சரிந்து நொறுங்கின. கதவிடுக்கு வழியாக மஞ்சள் கரு ஒழுகிச் சொட்டத் தொடங்கியது. அதே நேரத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகளின் இரைச்சல் காற்றில் வந்தது.

எல்லோரும் அதைக் கேட்டார்கள். தரகரின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

"வண்டியை எடுத்துக்கிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்துடறேன்" என்றார் முணுமுணுப்பாக. பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "இனிமே என் யார்டு வண்டி ஒண்ணுகூட உங்க பட்டறைக்கு வராது."

"வர வேண்டாம்" என்றார் மெக்கானிக். கீழே இறங்கியவர் முட்டைக்காரரின் எதிரில் நிமிர்ந்து நிற்க முடியாமல் தலைகுனிந்தார். "உங்க முட்டை அத்தனையும் போச்சு. நீங்க எது சொன்னாலும் கேட்டுக்கறேன்."

முட்டைக்காரர் சரிந்த அட்டைகளுக்குள் கையை விட்டு உடையாத முட்டை ஒன்றை எடுத்தார். பழக்க தோஷம், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"காலையில உங்களை அடிக்கணும் போல இருந்திருக்கும், தெரிஞ்சிருந்தா. இப்ப அந்தச் சத்தம் கேக்குது பாருங்க" என்று பள்ளிக்கூடத்துப் பக்கம் தலையை ஆட்டினார். "அதுக்கு முன்னாடி வந்துட்டீங்க. போதும்ணே."

அவர் மனைவி மட்டும் அவ்வளவு சுலபமாக விடவில்லை. "அந்த அறை வாங்கின நீல வண்டியையும் வந்து பாருங்க. ஆனா இந்தத் தடவை லோடு ஏத்திட்டுத் தட்டுங்க. இல்லாட்டி உங்க கையை நான் தட்டிடுவேன்."

மெக்கானிக்கின் கண் கலங்கியது. நம்பிக்கையைக் கெடுத்தவனிடமே அதைத் திரும்பக் கொடுப்பவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை நீல வேனின் பானெட் சில்லென்று இருந்தது. மணல் மூட்டை ஏற்றி, பாலத்து இறக்கத்தில் மூன்று முறை இறக்கிப் பார்த்தார் மெக்கானிக். மூன்று முறையும் அது சொன்ன இடத்தில் நின்றது. கீழே இறங்கி வந்தும் அவர் கை பானெட்டுக்குப் போகத் தயங்கியது.

"தட்டுங்கண்ணே, நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்" என்றார் முட்டைக்காரர்.

மெக்கானிக் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, என்றும் இல்லாத வழக்கமாக, வாயைத் திறந்து பேசினார்:

"வண்டிக்கு மட்டும் இல்லண்ணே, மனுஷனுக்கும் இதேதான். காலியா இருக்கறப்ப எல்லாரும் நல்லவங்கதான். கஷ்டம்னு ஒரு பாரம் ஏறறப்ப நிக்கறானான்னுதான் பாக்கணும். நேத்து நான் நிக்கல. நம்பி வந்தவங்ககிட்ட தெரிஞ்ச குறையை மறைக்கறவன், அவங்களைப் பிரேக் இல்லாத வண்டியில ஏத்தி அனுப்பறான். இனிமே என் கை அதுக்குத் தட்டாது."