ஆறே நாள்

அந்தத் திட்டத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கடிகாரம். “கடிகாரம் வருது, மேஜையைத் துடைங்கப்பா” என்று யாரோ கிசுகிசுப்பது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இருக்காதா பின்னே? நாட்டில் உள்ள பதினெட்டு அரசு நோயறி கூடங்களிலும் சுவரில் ஒரு திரையை மாட்டி, ஒவ்வொரு டப்பாவுக்கும் நாள் எண்ண வைத்தவள் அவள்தான்.

டப்பா என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பா. உடம்பிலிருந்து வெட்டியோ ஊசியால் கிள்ளியோ எடுத்த சதைத் துணுக்கு அதற்குள், சதை கெடாமல் காக்கிற பார்மலின் திரவத்தில் மிதக்கும். அந்தத் துணுக்கை மெழுகில் பதித்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று ஒரு டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முன்பெல்லாம் இதற்கு நாற்பது நாள் ஆகும். இருபது வருஷம் அவள் பெரிய மருத்துவமனை லேப்பில் டெக்னீஷியனாக இருந்தவள். ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களிடம் “அடுத்த வாரம் வாங்க” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவள். அந்த எரிச்சலில்தான் இந்தச் சீரமைப்புத் திட்டத்துக்கே வந்தாள்.

அவள் எழுதிய விதி ஒரு பக்கம்தான். டப்பாவுக்கு லேப்பில் எண் போட்ட நிமிஷம் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஏழு நாளுக்குள் ரிப்போர்ட் வந்தால் திரையில் பச்சை, தாண்டினால் சிவப்பு. சிவப்பு வந்தால் மறுநாள் காலையில் கம்ப்யூட்டரே அந்த லேப்புக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பிவிடும், கீழே அவள் கையெழுத்தோடு. கடிதத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: ‘தாமதத்துக்குப் பொறுப்பானவரின் பெயர்.’ அதை நிரப்பாமல் பதில் அனுப்பினால் அப்படியே திரும்பி வரும். அந்தக் கட்டத்தை வைக்கச் சொன்னதும் அவள்தான். பெயர் கேட்காவிட்டால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளே அப்படிக் கையைக் காட்டியிருக்கிறாள்.

ஒரே வருஷத்தில் நாற்பது நாள் ஆறு நாளானது. திட்ட இயக்குநர் டிவியில் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார், “ஆறே நாள்!” பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் தங்கச்சி போன் பண்ணினாள். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, அதே பெரிய மருத்துவமனையில் ஊசி போட்டுச் சதை எடுத்திருந்தார்கள். அக்காவுக்குச் சங்கடம் தரக்கூடாது என்று சாதாரணமாக வரிசையில் நின்று எடுத்துக்கொண்டவள்.

“அக்கா, ரிசல்ட் இன்னும் வரலையே.”

“எடுத்து எத்தனை நாள் ஆச்சு?”

“இருபத்தாறு.”

“இருக்காதுடி. சரியா எண்ணிப் பாரு.”

“நான் கணக்கு டீச்சர்க்கா. ஆறுக்கும் இருபத்தாறுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?”

அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். தங்கச்சி பெயரில் டப்பாவே இல்லை. இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னால் இல்லைதான். தங்கச்சியைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினாள். டப்பாவை எந்தக் கவுண்டரில் கொடுத்தாய், சீட்டு வாங்கினாயா, படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா, இப்படி அலட்சியமாக இருந்தால் எந்தத் திட்டம்தான் உருப்படும் என்று மூச்சு விடாமல் பொரிந்தாள். தங்கச்சி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், “மூணு தடவை போய்க் கேட்டேன்க்கா. இன்னும் பதியலைன்னாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பதியவில்லையா? அதென்ன அது? இப்படி ஒரு வார்த்தை தன் ஒரு பக்க விதியில் எங்கேயுமே இல்லையே என்று அவளுக்கு உறுத்தியது.

மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் லேப்புக்குப் போனாள். முன் வாசலில் போனால் ‘கடிகாரம் வருது’ என்று செய்தி அவளுக்கு முன்னால் ஓடிவிடும். அதனால் பிணவறைப் பக்கத்துப் படிக்கட்டு வழியாக ஏறினாள். மூன்றாவது மாடியில் பழைய மெழுகுப் பெட்டிகளைப் போட்டுவைக்கிற அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மெழுகுப் பெட்டி ஒன்றுகூட இல்லை. மூன்று இரும்பு அலமாரிகள் நிறைய டப்பாக்கள். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் வெள்ளைத் தாள் ஒட்டி, வந்த தேதியை முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தார்கள். திருட்டு வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்து அவள் பார்த்ததே இல்லை.

சீனியர் டெக்னீஷியன் கையில் தட்டோடு உள்ளே வந்து, அவளைப் பார்த்து அப்படியே நின்றார். சதையை மெழுகில் பதிப்பதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. அதனால் அவருக்கு மெழுகு என்றே பெயர். பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர்கள் இருவரும்.

“என்னண்ணே இது?”

“டப்பா.”

“அது தெரியுது. எண் எங்க?”

மெழுகு தட்டைக் கீழே வைத்தார். “எண் போட்டா கடிகாரம் ஓடுமே மேடம்.”

“ஓடட்டுமே! அதுக்குத்தானே வச்சிருக்கோம்?”

“அஞ்சு டாக்டர் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பேர்தான் இருக்காங்க. கண்ணு பிதுங்கப் பிதுங்கப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு நாப்பதுதான் பார்க்க முடியுது. வர்றதோ சில நாள் நாப்பத்தஞ்சு, அம்பது. ஆபரேஷன் டப்பா, அவசர டப்பா எல்லாம் முன்னால போயிடும்; மத்ததுக்கு ஒரு நாளைக்கு ஆறுதான் மிச்சம். மீதியை என்ன பண்ணச் சொல்றீங்க? மொத மூணு மாசம் நேர்மையாத்தான் பதிஞ்சோம். சிவப்பா வந்துச்சு. கடுதாசியும் வந்துச்சு. பதினாலு கடுதாசி. பதினாலுலயும் உங்க கையெழுத்து. பொறுப்பானவர் யாருன்னு பேர் கேட்டீங்க. மொதத் தடவை ‘டாக்டர் பற்றாக்குறை’ன்னு எழுதினேன். அது மனுஷன் பேர் இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு. அப்புறம் எல்லாத்துலயும் என் பேரையே எழுதினேன். என் சம்பள உயர்வு நின்னுபோச்சு. தெரியுமா உங்களுக்கு?”

அவளுக்குத் தெரியாது. கடிதங்களைக் கம்ப்யூட்டர்தானே அனுப்பியது.

“இப்ப டாக்டர் கை காலியானா, அன்னிக்கு எத்தனை பார்க்க முடியுமோ அத்தனைக்கு மட்டும் எண் போடுவோம். ஆறு நாள்ல முடிஞ்சிடும். பச்சை.”

“மத்த லேப்லயும் இப்படித்தானா?”

மெழுகு சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. “இதை நாங்க கண்டுபிடிக்கல. போன வருஷம் நீங்க நடத்தின பயிற்சி வகுப்புல, டீ குடிக்க விட்டீங்களே, அப்பக் கத்துக்கிட்டது.”

அவளுக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பித் தேதிகளைப் பார்த்துக்கொண்டே போனாள். இரண்டாவது அலமாரி, மேல் தட்டு, உள்ளே தள்ளி ஒன்பதாவது. டப்பாவின் பக்கவாட்டில் தங்கச்சியின் பெயர். அடியில் நூல் துண்டுபோல நாலு வெள்ளைத் துணுக்குகள்.

மெழுகு எட்டிப் பார்த்தார். பெயருக்கு முன்னால் இருந்த அவள் தலைப்பெழுத்தையும் அவள் முகத்தையும் கவனித்தார். மேடம் என்பதை மறந்தார். “உன் தங்கச்சியாம்மா? முன்னாடியே சொல்லக்கூடாதா? குடு, இப்பவே போட்டுடறேன். நாளன்னிக்கு ரிசல்ட்.”

சிபாரிசுச் சீட்டை ஒழித்தவளும் அவள்தான். தங்கச்சிக்கு முன்னால் எத்தனை டப்பா என்று கண் தானாக எண்ணியது. எழுபத்திரண்டு. அந்த எழுபத்திரண்டு பேருக்கும் அக்கா, தங்கச்சி இருப்பார்கள். நியாயம் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. இருந்தும் வாய், “போடுங்கண்ணே” என்றது. சொன்ன பிறகு அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய்தான். ரிப்போர்ட்டின் மேல் மூலையில் பச்சைக் கட்டத்துக்குள் அழகாக அச்சாகியிருந்தது: ‘எடுத்துக்கொண்ட காலம்: 2 நாள்.’

அதோடு போகவில்லை. எந்த மருந்து கேட்கும் என்று தெரிய இன்னொரு சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் கழித்து லேப் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டுவிட்டார். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“சாயம் சரியாப் பிடிக்கல. நாலு வாரம் பார்மலின்ல ஊறினா எப்படிப் பிடிக்கும்? மூணு நாளுக்குள்ள எடுத்திருக்கணும். இதை நம்பி மருந்து எழுத முடியாது. மறுபடியும் ஊசி போட்டு எடுக்கச் சொல்லுங்க.”

“மறுபடியுமா டாக்டர்?”

“நீங்கதானே கடிகாரம் வச்சீங்க,” என்றார் டாக்டரம்மா. குத்தலாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அதுதான் அதிகம் சுட்டது.

நேரே இயக்குநரிடம் போனாள். டப்பா லேப்புக்குள் வந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும், விதியை இன்றைக்கே மாற்ற வேண்டும் என்றாள். இயக்குநர் கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கேட்டார்.

“மாத்தினா ஆறு நாள் என்ன ஆகும்?”

“அலமாரித் தேதியை வச்சு எண்ணினா முப்பத்துநாலு ஆகும் சார்.”

“அடுத்த மாசம் திட்டத்தை நீட்டிக்கிற கூட்டம் இருக்கு. முப்பத்துநாலோட போய் நின்னா திட்டத்தையே இழுத்து மூடிடுவாங்கம்மா. அப்புறம் ஆறும் இல்ல, முப்பத்துநாலும் இல்ல. கூட்டம் முடியட்டும், பொறுமையாப் பேசலாம்.”

“டாக்டர் இல்லைங்கறதை அந்தக் கூட்டத்துலயே சொல்லலாமே சார்? ஆறு நாள்ல முடியுதுன்னு நாமளே சொன்னா, புதுசா டாக்டர் எதுக்குப் போடுவாங்க?”

அவர் கோப்பு ஒன்றைத் திறந்து படிக்கத் தொடங்கினார். அறையை விட்டுப் போகலாம் என்பதற்கு அவர் வழக்கம் அது.

தங்கச்சியிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவள் வீட்டு முன்னறையில், திருத்தாத விடைத்தாள் கட்டுக்கு எதிரே உட்கார்ந்து, பாதியை மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, பிறகு முழுவதையும் சொன்னாள். அலமாரியையும் சொன்னாள். கடிதத்தையும் சொன்னாள்.

தங்கச்சி அழவில்லை. “மொதத் தடவையே ரொம்ப வலிச்சுதுக்கா,” என்றாள். கொஞ்ச நேரம் சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். “இந்தத் தடவை எத்தனை நாள் ஆகும்?”

டிவியில் ‘ஆறே நாள்’ என்று சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். இப்போது அந்த எண் வாயில் வரவில்லை. “தெரியலடி,” என்றாள்.

“போன்ல திட்டினியே, அன்னிக்கும் இதைத்தான் சொல்லியிருக்கணும்.”

முதல் ஊசிக்கு முப்பத்துநாலாம் நாள் இரண்டாவது ஊசி போட்டார்கள். திரைக்கு வெளியே நின்ற அவளுக்கு, தங்கச்சி பல்லைக் கடித்து முனகியது கேட்டது. நர்ஸ் கொடுத்த டப்பாவில் தேதியையும் மணியையும் அவளே எழுதி, அவளே மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் போனாள்.

மெழுகு எண் ஒட்டும் சீட்டோடு தயாராக நின்றார். “இதை மட்டும்தானே?”

“இதை முதல்ல. இது ஊறக்கூடாது. அப்புறம் இதே மாதிரி மார்புக் கட்டி டப்பா எல்லாத்தையும் தனியா எடுங்க. அப்புறம் மீதி.”

“மீதின்னா?”

“மூணு அலமாரியும்.”

“சிவப்பாயிடும்மா.”

“ஆகட்டும்.”

மின்சாரம் போகிற நாட்களுக்காகப் பதிவுத் தேதியைக் கையால் போடுகிற வசதி அந்தக் கம்ப்யூட்டரில் உண்டு. மெழுகு வெள்ளைத் தாளில் இருந்த தேதியைப் படிக்கப் படிக்க, அவள் தட்டினாள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்தார்கள். இருநூற்றுப் பதினாறு டப்பா. சுவரில் இருந்த திரை கிட்டத்தட்ட முழுக்கச் சிவந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் அதை அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் தன் மகளுடைய எண்ணை அதில் கண்டுபிடித்து, “இருக்கு, இருக்கு! நம்ம டப்பா இங்கதான் இருக்கு!” என்று கத்தினார். இருபது நாளாக அதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

தங்கச்சியின் ரிசல்ட் நாலாம் நாள் வந்தது. இந்தத் தடவை சாயம் நன்றாகப் பிடித்திருந்தது. முதல் ஊசியிலிருந்து எண்ணினால் நாற்பத்து மூன்றாம் நாள் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். திட்டத்துக்கு முன்னால் ரிசல்ட்டுக்கு ஆன நாற்பது நாளைவிட மூன்று நாள் கூடுதல். எந்தத் திரையிலும் இல்லாத அந்த நாற்பத்து மூன்றைத் தங்கச்சிதான் எண்ணிச் சொன்னாள்.

டப்பாக்களுக்கு எண் போட்ட மறுநாள் காலையிலேயே லேப்புக்குக் கடிதம் வந்துவிட்டது. நூற்றெழுபத்தெட்டு எண்கள், ஆறு பக்கம். தப்பியவை கடைசி ஏழு நாளுக்குள் வந்த டப்பாக்கள் மட்டும்தான், தங்கச்சியின் புது டப்பாவும் அதில் ஒன்று. மெழுகு அதை அவள் முன்னால் வைத்து, வழக்கம்போலச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கடிதத்தின் அடியில் அவள் கையெழுத்து எடுப்பாக இருந்தது. அவள் அந்தப் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

காரணம் என்ற இடத்தில் மூன்று டாக்டர் பணியிடங்கள் காலி என்று எழுதினாள். அலமாரிகளைப் பற்றி எழுதினாள். பதினெட்டு லேப்பிலும் எண்ணிப் பார்க்கச் சொல்லி எழுதினாள். நகல் இயக்குநருக்கு, இன்னொரு நகல் அடுத்த மாதக் கூட்டத்துக்கு என்று குறித்தாள். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது கை கொஞ்சம் நின்றது. தாமதத்துக்குப் பொறுப்பானவரின் பெயர்.

கடிகாரம் என்றோ, மேடம் என்றோ, திட்ட அலுவலர் என்றோ எழுதவில்லை. அப்பாவும் அம்மாவும் வைத்த பெயரை முழுசாக, தலைப்பெழுத்தோடு எழுதினாள். மெழுகு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பினார். பெயர் இருந்ததால், பதில் திரும்பி வரவில்லை.