வாயைத் திறக்காமல் நாற்பது நிமிடம்

தலைமையாசிரியை போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். புதன்கிழமை மூன்றாவது பீரியடில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியின் சத்தத்தை அளக்கும் தங்கள் செயல்திட்டத்தை, ஒரு இணையப் பக்கத்தை மட்டும் பார்த்துச் செய்து முடிக்க வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது.

"நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா பெஞ்சு கூட அளந்து காட்டும், சார். அது எனக்கு வேண்டாம். அடுத்த வருஷம் இன்னொரு டீச்சர் எடுப்பாங்க. டேப்லெட்டை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே அவங்களுக்குத் தெரியாது. பக்கம் தானா வேலை செஞ்சா புதன்கிழமை பீரியட் இருக்கும். இல்லேன்னா அது பரீட்சைக்குப் படிக்கிற பீரியட்."

நான் அறிவியல் ஆசிரியர். என் மனைவி என்னிடம் மணி கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. கடிகாரம் ஓடும் விதத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவேனாம். அப்படிப்பட்டவனுக்கு நாற்பது நிமிட மௌனம்.

ஆனால் இழப்பு என்று பார்த்தால் அது எங்கள் நூலகருக்குத்தான். மூன்று வருடமாக அந்தப் புதன்கிழமை பீரியடுக்காகவே அவர் பதினேழு பக்கங்கள் செய்திருந்தார். பிள்ளைகள் அவரை 'லிங்க் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பீரியட் போனால் பதினேழையும் திறக்க ஆளிருக்காது. இது பதினெட்டாவது.

ஒரு பக்கம் செய்வது என்ன பெரிய வேலை என்று நானும் நினைத்தவன்தான். நாலு இணைப்பைச் சேர்த்துப் போட்டால் முடிந்தது என்று. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் வாயை மூடினேன். பக்கத்தின் தலையில் அவர் முதலில் எழுதுவது, முடிவில் பிள்ளைகள் கையில் என்ன இருக்கும் என்பதை: 'ஐந்து இடங்களின் சத்தத்தைக் காட்டும் ஒரு வரைபடம், வாசிப்பு மூலையை எங்கே வைக்கலாம் என்று ஒரு வாக்கியம்.' போகும் ஊர் தெரிந்துவிட்டால் பிள்ளைகள் வழியில் அதிகம் தடுமாறுவதில்லை. 'இங்கே அழுத்தவும்' என்று ஒரு இணைப்புக்கும் பெயர் வைக்க மாட்டார். 'உங்கள் குழுவின் அட்டவணையைத் திற' என்றுதான் இருக்கும். அந்த அட்டவணையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மூல அட்டவணையை அப்படியே பகிர்ந்தால் பன்னிரண்டு குழுவும் ஒரே கட்டத்தில் எழுதி ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்வார்கள். முகவரியின் வாலில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும், திறக்கிற ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பிரதி கிடைத்துவிடும். அந்த ஒரு சொல்லுக்கு நான் அவருக்குச் சலாம் போட்டேன்.

எல்லாம் முடிந்ததும் பக்கத்தைச் சோதனைக்கு எடுத்துப் போவார். போகும் இடம் அவருடைய ஓரகத்தியின் தையல் கடை.

ஒரு சாயங்காலம் நானும் கூடப் போனேன். கடையில் இரண்டு மெஷின்கள், சுவரில் சாக்கட்டிக் கோடுகள், மேசையில் கண்ணாடி கீறிய பழைய போன். ஓரகத்தி மூத்தவர். வாயில் இரண்டு குண்டூசியை வைத்துக்கொண்டே பேசினார்.

"வந்துட்டியா? எனக்குப் படிப்பு ஏறாதுன்னு நான் சொல்லச் சொல்ல மூணு வருஷமா நீ எனக்குப் பாடம் நடத்துற."

"பாடம் இல்லக்கா. பக்கத்துல எங்க புரியலைன்னு சொன்னா போதும்."

"புரியலைன்னா எனக்கு மண்டை இல்லைன்னு அர்த்தமா?"

"எனக்கு எழுதத் தெரியலைன்னு அர்த்தம்."

அவர் விரல் போனில் நகர்ந்தது. நூலகர் போனைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார். விரல் எங்கே தயங்கி நின்றதோ அங்கே நோட்டில் ஒரு புள்ளி. அவ்வளவுதான் அவருடைய சோதனை. கேள்வி கேட்டால் மனுஷர்கள் மரியாதைக்கு 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். விரலுக்கு மரியாதை தெரியாது.

அந்தப் பக்கத்தில் முதல்முறையாக ஒரு வீடியோ இருந்தது. சத்தம் அளக்கும் செயலியைத் திறந்து டேப்லெட்டை முப்பது நொடி அசையாமல் பிடிப்பது, பிறகு 'சராசரி' என்ற எண்ணை எழுதிக்கொள்வது, இரண்டையும் நூலகரே செய்துகாட்டிப் படம் பிடித்திருந்தார். யாராவது ஒரு தும்மல் போட்டால் 'உச்சம்' என்ற எண் எகிறிவிடும். சராசரிதான் நம்பத் தகுந்தது. ஓரகத்தி வீடியோவை நான்கு நொடி பார்த்தார்.

"நீ வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு சட்டைக்குக் காலர் வெச்சிடுவேன். இதை யாருடி உட்கார்ந்து பார்ப்பா?"

"சின்னப் பசங்க பார்ப்பாங்கக்கா."

"அப்போ பொறுமை இல்லாதவங்களுக்கு?"

நூலகர் நோட்டில் அழுத்தி ஒரு புள்ளி வைத்தார். மறுநாள் வீடியோவுக்குக் கீழே ஆறு படங்கள் முளைத்திருந்தன, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி. மேலே தலைப்பு: 'வீடியோ பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு'.

புதன்கிழமை வந்தது. முப்பத்தாறு பிள்ளைகள், பன்னிரண்டு டேப்லெட், குழுவுக்கு மூன்று பேர். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில். நூலகர் கதவருகே, கையில் நோட்டு. நான் ஜன்னலோரம், உதட்டைக் கடித்தபடி.

மூன்றாவது நிமிடம் ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பள்ளியில் மாணவர் கருவிகளுக்கு வீடியோ வராதபடி ஒரு தடை வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் கணினிகளுக்கு அது கிடையாது. நூலகர் பக்கத்தை நூலகக் கணினியில் பார்த்தார், வீட்டில் பார்த்தார், தையல் கடைப் போனில் பார்த்தார். பிள்ளைகள் கையில் வரப்போகும் டேப்லெட்டில் மட்டும் பார்க்கவில்லை. டேப்லெட்டுகளைப் பூட்டி வைக்கும் அலமாரியின் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

இப்போது ஒரே ஒரு வாக்கியம் போதும். 'கீழே தள்ளிப் பாருங்கள்.' அது என் தொண்டை வரை வந்துவிட்டது. நூலகர் என்னைப் பார்த்து மிக லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. அவர் முகம் வெளுத்திருந்தது. நோட்டில் புள்ளி வைப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

நான்கு கைகள் ஆகிவிட்டன. தலைமையாசிரியை பேனாவை மூடினார்.

எட்டாவது மேசையில் ஒரு சிறுமி கறுப்புக் கட்டத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். மூன்றாவது தட்டில் கோபம். விரல் வழுக்கிப் பக்கம் மேலே ஓடியது.

"ஏய், இங்க பாரு. பொறுமை இல்லாதவங்களுக்குன்னு போட்டிருக்கு."

"அப்போ நமக்குத்தான்," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

அடுத்த மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "எங்களுக்கும் பொறுமை இல்லப்பா. எங்க இருக்கு அது?"

அது மேசை மேசையாகப் போனது. உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. யாருக்கும் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. படங்கள் சொன்னதைச் செய்தார்கள். பத்து நிமிடத்தில் படிக்கட்டு, நடைபாதை, நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் திடலின் வாசல் என்று எங்கும் மும்மூன்று பேர் டேப்லெட்டை ஏந்தி மூச்சைப் பிடித்து நின்றார்கள். ஏழாம் வகுப்பு அசையாமல் நிற்பதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். எண்கள் அட்டவணையில் ஏற ஏற வரைபடத்தின் தூண்கள் தானாக உயர்ந்தன. ஒவ்வொரு தூண் எழும்போதும் ஒரு சின்னச் சத்தம், 'அட' என்று.

மணி அடித்தபோது பதினொரு குழு முடித்திருந்தது. பன்னிரண்டாவது குழுவும் முடித்துத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் கணக்கில் பள்ளியிலேயே சத்தம் அதிகமான இடம் நூலகம். சராசரிக்குப் பதில் உச்சத்தை எழுதிவிட்டார்கள். அவர்கள் பின்னாலேயே நூலகத்துக்குப் போய், அளந்த நேரத்தில் சாவிக்கொத்தைக் கீழே போட்டவன் நான். வாயை மூடியிருந்தேனே தவிர, கையை மூடவில்லை.

தலைமையாசிரியை கதவருகே வந்து நின்றார்.

"அந்தக் கறுப்புப் பெட்டி?"

"என் தப்பு, மேடம். டேப்லெட்டுல பார்க்காம விட்டுட்டேன்."

"தப்பு நடந்தும் வேலை நடந்துச்சே. அதைத்தான் நான் பார்க்க வந்தேன்." மூடிய பேனாவைத் திறந்தார். "பீரியட் இருக்கும். அடுத்த வருஷம் எடுக்கப் போற டீச்சர் கிட்ட இன்னிக்கே பக்கத்தைக் குடுங்க. அவங்களுக்கும் பொறுமை கிடையாது."

அவர் போன பிறகு நூலகர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். நோட்டைத் திருப்பி என்னிடம் காட்டினார். மொத்தம் பத்தொன்பது புள்ளிகள்.

"உச்சம், சராசரி ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, சார். படத்துல சராசரிக்கு ஒரு வட்டம் போடணும். அலமாரிச் சாவியைக் குடுங்க, ஒரு டேப்லெட் வேணும்."

இப்போது வாயைத் திறக்கலாம் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. திறந்தேன். ஆனால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஆறு படங்களும் மேலே வந்திருந்தன, வீடியோ போன இடம் தெரியவில்லை. அடியில், வழக்கமாக அவர் 'உருவாக்கியவர்: நூலகர்' என்று போடும் இடத்தில், அதற்கும் மேலே ஒரு வரி புதிதாக இருந்தது.

'குறை கண்டுபிடித்தவர்: தையல்காரர்.'